வலது சீட்டில் யாரும் இல்லை

ஜூன் 3, செவ்வாய்

ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் அன்றைக்கு எங்கே தப்பு செய்தேன் என்று எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் கேப்டன் ஷெரின். தப்பை மட்டும் எழுதினாலே டைரி பத்தாது என்றேன். "அப்ப மத்ததையும் சேர்த்து எழுதுங்க மேடம், மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார்.

எழுதுகிறேன். என் பெயர் சாந்தாமணி. வயது ஐம்பத்திரண்டு. சேலத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். இந்த ஊரில் 'எல்' போர்டு மாட்டிக்கொண்டு தடுமாறியவர்களில் பாதிப்பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள்தான்.

ஷெரினும் அப்படித்தான் ஏப்ரலில் வந்து சேர்ந்தாள். மார்த்தாண்டத்துப் பெண், வயது இருபத்தாறு. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'விமானப் பயிற்சியாளர்' என்று எழுதியிருந்தாள். "வானத்துல ஓட்டறீங்க, தரையில ஓட்டத் தெரியாதா கண்ணு?" என்று கேட்டேன். "வானத்துல ஐந்து ரோடு சந்திப்பு இல்லையே மேடம்" என்றாள். ஒருநாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள் என்று ஓமலூர்ப் பக்கம் விமான நிலையத்துக்கு அழைத்துப்போய் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். இறங்கியதும் சேர்வதற்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் தனசேகரன் கேட்டது ஒரே கேள்வி. "எதுக்கு சாந்தா?"

"சும்மாதான்."

மாடி எடுக்கலாம் என்று சேர்த்து வைத்ததை இதற்குத் திருப்பிவிட்டேன். மாடியில் யார் இருக்கப் போகிறார்கள்? ஒரே மகள் சுடர் கப்பலில் வேலையாக இருக்கிறாள்.

இன்றைய தப்பு: இந்த விமானம் தரையில் ஓடும்போது காலால் திருப்ப வேண்டும். கையில் இருப்பது ஸ்டியரிங் மாதிரி இருக்கிறதே தவிர, தரையில் அதைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. நான் இரண்டு கையாலும் திருப்பு திருப்பு என்று திருப்பினேன். விமானம் தன்பாட்டுக்குப் புல்லை நோக்கிப் போனது.


ஜூன் 5, வியாழன்

இன்று நேராக ஓடியது. ஏறக்குறைய.


ஜூன் 9, திங்கள்

இதில் மாணவர் இடது பக்கம், ஆசிரியர் வலது பக்கம். காரில் நேர்மாறு. இத்தனை வருஷமாக நான் உட்கார்ந்தது இடது சீட்டில்தான், காலடியில் எனக்கென்று தனி பிரேக், தனி கிளட்ச். அதனால் விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் என் உடம்பு தன்னை ஆசிரியராக நினைத்துக்கொள்கிறது. ஷெரின் வலது பக்கம் ஏதாவது செய்தால் "பார்த்து, பார்த்து" என்று வாய் வருகிறது.

"மேடம், இங்க நீங்கதான் ஓட்டறீங்க" என்றார் இன்று இரண்டு முறை.

தரையில் அவள் எனக்குக் கண்ணு. மேலே போனால் கேப்டன். அவள், அவர் என்று இரண்டு விதமாகவும் எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்!

மேலே போனதும் இடது ஜன்னலில் மேட்டூர் அணை தெரிந்தது. வெயில்பட்டுப் பளபளவென்று, புதுப் பித்தளைத் தாம்பாளம் மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அதற்குள் விமானம் முந்நூறு அடி இறங்கிவிட்டது. கேப்டன் கத்தவில்லை. "உயரம் பாருங்க மேடம்" என்றார், ரேஷன் கடையில் அட்டையைக் கேட்கிற குரலில்.

இன்றைய தப்பு: அழகு பார்த்தது.


ஜூன் 14, சனி

காலையில் கேப்டன் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார், மாலையில் நான் அவளுக்கு. இன்று ஐந்து ரோட்டுக்கு நடுவில் ஷெரின் வண்டியை அணைத்துவிட்டாள். பின்னால் டவுன் பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோ, எல்லாரும் ஹார்ன். "கிளட்ச்! கிளட்ச்சை மிதி! அது பிரேக்கு! கிளட்ச்சு!" என்று கத்தினேன். மறுபடி அணைந்தது. என் பக்கத்துப் பெடலை மிதித்து நானே கிளப்பி ஓரம் கட்டினேன்.

"எனக்கு பேடியா இருக்கு மேடம்" என்றாள். அவர்கள் ஊர்ப் பக்கம் பயத்துக்குப் பேடி என்று சொல்வார்களாம். "நீங்க கத்தினா எது கிளட்ச், எது பிரேக்குன்னே மறந்துபோகுது."

"கத்தாம சொன்னா ஒருத்தருக்கும் மண்டையில ஏறாது கண்ணு. அனுபவத்துல சொல்றேன்."

"காலையில நான் உங்களுக்கு மெதுவாத்தானே சொன்னேன். ஏறுச்சே?"

கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.


ஜூன் 22, ஞாயிறு

இவர் கூடத்தில் உட்கார்ந்து சுடரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். தினமும் பேசுவார். கப்பலில் இப்போது நெட் நன்றாக வருகிறதாம். நான் அடுப்படியில் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாதி பேச்சு காதில் விழுந்தது. பிரேசில் பக்கம் போகிறார்களாம், சோயா ஏற்றுவதற்கு. அவள் மூன்றாம் அதிகாரி. கப்பலை ஓட்டுகிற மேல்தளத்தில் அவளுக்கென்று தனி நேரம் உண்டு. அந்த நேரத்தில் அவ்வளவு பெரிய கப்பலும் அவள் பொறுப்பு.

"அம்மா எங்கப்பா?"

"சமைக்கிறா."

"சரி. சாப்பிட்டாங்களான்னு கேட்டேன்னு சொல்லுங்க."

"சாப்பிட்டேன்னு சொல்லுங்க" என்றேன் சுரைக்காயிடம்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. அவள் கப்பல் ஏறப் போன அன்றைக்கு நான் ரயிலடிக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அன்று எனக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட் இருந்தது. எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வேலையை விட்டுவிட்டுப் போக முடியுமா? இதையே இவரிடம் இன்று மறுபடியும் சொன்னேன்.

போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே இவர் சொன்னார்: "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை சாந்தா."

சுரைக்காய்க் கூட்டில் இன்று உப்பு கூடிவிட்டது.


ஜூன் 30, திங்கள்

தனியாகப் பறக்க விடுவதற்கு முன்னால் வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. சட்டதிட்டம், வானிலை, எஞ்சின், வழி கண்டுபிடிப்பது, எல்லாவற்றிலும் கேட்பார்கள். எஞ்சின் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. சட்டத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். வழிதான் தகராறு. காற்று இந்தத் திசையில் இத்தனை வேகத்தில் அடித்தால் விமானத்தின் மூக்கை எந்தத் திசையில் வைக்க வேண்டும்? முக்கோணம் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் போட்ட முக்கோணத்தின்படி சேலத்தில் கிளம்பி ஈரோடு போகவேண்டிய ஆள் தர்மபுரியில் இறங்குவேன்.

"வீட்டுலயே ஒருத்தி இருக்கா, இதே வேலையாத்தான் இருக்கா. கேட்கலாமில்ல?" என்றார் இவர்.

"அவ வேலையில இருப்பா. தொந்தரவு எதுக்கு?"

ஷெரினுக்கு இன்று ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். கத்தவில்லை. கத்தாததால் எனக்குத்தான் தொண்டை அடைத்தமாதிரி இருந்தது.


ஜூலை 8, செவ்வாய்

இவரை என்ன செய்வது! நான் முக்கோணம் போட்டுக் கிறுக்கிய தாளைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறார். காலையில் என் போனில் சுடரின் குரல் பதிவு. அப்பா போனுக்கு இல்லை, என் போனுக்கு.

"அம்மா, நீ போட்டிருக்கற கணக்கு தப்பில்ல, ஆரம்பமே தப்பு. ஒகேனக்கல்ல பரிசல்ல போனோமே, ஞாபகம் இருக்கா? அந்த அண்ணன் எதிர்க்கரைப் பாறைக்குப் போகணும்னா பாறையைப் பார்த்துத் துடுப்புப் போடலை. மேல் பக்கமா, ஆத்துக்கு எதிரா மூக்கைத் திருப்பிட்டுத்தான் போட்டார். தண்ணி இழுத்துட்டு வந்து சரியா பாறைகிட்ட விட்டுச்சு. நீகூட அவரைத் திட்டின, 'எங்கய்யா போற, பாறை அங்க இருக்கு'ன்னு. அதேதான்மா. எங்க போகணுமோ அங்கயே மூக்கை வெச்சா அங்க போய்ச் சேர மாட்டோம். காத்து எவ்ளோ தள்ளுதுன்னு பார்த்துட்டு, அதுக்கு எதிர்ல கொஞ்சம் திரும்பிக்கணும்."

கடைசியில் சிரித்தாள். பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம்.

பாடம் புரிகிறவரைக்கும் கேட்டேன். புரிந்த பிறகும் கேட்டேன்.


ஜூலை 12, சனி

சுடரிடம் சந்தேகம் கேட்டேன், பதில் சொன்னாள். சந்தேகமே இல்லாத இடத்திலும் ஒன்று கேட்டேன். அதற்கும் பதில் சொன்னாள்.

"வேகத்துக்கு 'நாட்'னு சொல்றோமே, மணிக்கு இத்தனை கடல் மைல்னு, உங்களுக்கும் அதேதானா?"

"அதேதான்மா. நீயும் நானும் ஒரே அளவுதான். ஆனா நீ தொண்ணூறுல போற, நான் பன்னெண்டுல போறேன்."

"பன்னெண்டா? நம்ம ஊர் மாட்டு வண்டி இதைவிட வேகமா போகுமே!"

"மாட்டு வண்டியில அறுபதாயிரம் டன் ஏத்துவியா நீ?"

இவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்ததைப் பார்த்தேன்.


ஜூலை 18, வெள்ளி

வாய்மொழித் தேர்வு. தேறிவிட்டேன். வழி கண்டுபிடிப்பதில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். தலைமைப் பயிற்சியாளர், மீசை வைத்த பெரிய மனிதர், "யார்கிட்ட படிச்சீங்க?" என்று கேட்டார்.

"என் பொண்ணுகிட்ட. கப்பல்ல ஆபீசர்."

இதை வெளியாளிடம் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் கைப்பையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.


ஜூலை 20, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

இறங்கும்போது நான் எப்போதும் மூக்குக்கு நேர் கீழே தரையைத்தான் பார்க்கிறேன். கார்ப் பழக்கம், குழி பார்க்கிற கண். அதனால் தரை திடீரென்று மேலே வருகிற மாதிரி இருக்கிறது, பயந்து இழுத்துவிடுகிறேன். இன்று அப்படி இழுத்ததில் விமானம் எழும்பி, டொம்மென்று விழுந்து, மறுபடி எழும்பி, ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஓடுதளத்து ஓரக் கற்கள் ஜன்னலுக்கு நேராகத் தெரிந்தன. "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று கேப்டன் ஓட்டுவதைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். "மேடம், விடுங்க!" என்று முதல்முறையாகக் கத்தினார். விட்டேன். எஞ்சின் முழு வேகத்தில் உறுமி மேலே தூக்கியது.

இறங்கிய பிறகு ஷெரினின் உதடு வெளுத்திருந்தது. "எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறக்க அவளால் முடியவில்லை. நான் திறந்து கொடுத்தேன்.


ஜூலை 21, திங்கள்

இடுப்பு வலி. போகவில்லை.


ஜூலை 24, வியாழன்

இடுப்பு வலி.


ஜூலை 27, ஞாயிறு

இடுப்பு வலி என்றுதான் இவர் சுடரிடமும் சொல்லியிருக்கிறார். மதியம் என் போனுக்கு அழைத்தாள். குரல் பதிவில்லை, நேராக அழைப்பு. எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கை எடுத்துவிட்டது.

"இடுப்பு வலியா, இல்ல வீம்பு வலியாம்மா?"

"வயசாகுதுல்ல."

"போன வாரம் வரைக்கும் ஆகலையா?"

சொன்னேன். விழுந்தது, எழுந்தது, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது எல்லாம். அவள் நடுவில் பேசாமல் கேட்டாள். யாரிடம் கற்றுக்கொண்டாளோ, நிச்சயமாக என்னிடம் இல்லை.

"அந்த கேப்டன் மறுபடி வரச் சொன்னாங்களா?"

"தினம் மெசேஜ் அனுப்பறா."

"அவங்க பயப்படலன்னா உனக்கென்னம்மா?"

"பயந்துட்டா சுடர். பார்த்தேன் நான். பயந்துட்டுத்தான் கூப்பிடறா."

"அப்ப போயேன்" என்றாள் சுடர். "பயந்துபோயும் கூப்பிடறாங்கன்னா உன்மேல நம்பிக்கை இருக்குன்னுதானே அர்த்தம்."

கப்பலில் சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டேன். சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர், ரசம் வைக்க அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாளாம். புளிக்குப் பதில் எலுமிச்சை ஊற்றிவிட்டாராம். இரண்டு பேரும் சிரித்தோம்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையில் குளித்துச் சித்ரான்னம் கட்டி எடுத்துக்கொண்டு நேரே விமான நிலையம். ஷெரின் ஒன்றும் கேட்கவில்லை. இறக்கையைச் சுற்றிவந்து பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். அவரும் கூடவே வந்தார்.

மேலே போனால், அடேயப்பா! காவிரி இருகரையும் தொட்டுக்கொண்டு போகிறது. கரையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஜனம். இன்றைக்கு அழகு பார்க்க அனுமதி கொடுத்தார், ஆனால் உயரம் விடாமல். விடவில்லை.

"இறங்கும்போது கீழ பார்க்காதீங்க மேடம். ஓடுதளத்தோட அந்தக் கடைசியைப் பாருங்க. தரை தானா வரும்."

கடைசியைப் பார்த்தேன். தரை தானாக வந்தது. சக்கரம் பட்டதே தெரியவில்லை. நம்பாமல் மறுபடி ஒன்று, அப்புறம் இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் தொம். பரவாயில்லை.

சித்ரான்னத்தை இறக்கை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாங்காய்ச் சாதம் முழுவதையும் ஷெரினே காலி செய்துவிட்டாள்.


ஆகஸ்ட் 6, புதன்

ஷெரின் டெஸ்டில் தேறிவிட்டாள். லைசென்ஸ் வருவதற்கு முன்பே எந்தக் கார் வாங்கலாம் என்கிறாள். அவள் ஓட்டும்போது என் பக்கத்துப் பெடலை நான் தொடவே இல்லை. தொடக்கூடாது என்று காலைச் சீட்டில் மடக்கி உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர், "என்னங்கம்மா, பூஜையில உட்கார்ந்த மாதிரி?" என்றார்.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது?

மூன்று முறை ஏறி இறங்கினோம். மூன்றாவது இறங்கி ஓரமாக நின்றதும் கேப்டன், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தன் பெல்ட்டைக் கழற்றினார். வெளியே இறங்கி, கழற்றிய பெல்ட்டைக் காலிச் சீட்டில் குறுக்கே மாட்டி இறுக்கினார். "ஒரு சுத்து. ஏறுங்க, சுத்துங்க, இறங்குங்க. பிடிக்கலன்னா இறங்காதீங்க, மறுபடி சுத்திட்டு வாங்க. பெட்ரோல் நிறைய இருக்கு" என்று காதருகில் கத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். புல்வெளிக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பி வலது சீட்டைப் பார்த்தேன். பெல்ட் மட்டும் இருந்தது.

அவர் எடை இல்லாததால் விமானம் சட்டென்று எழும்பிவிட்டது. நான் எதிர்பார்க்கவில்லை. கைக்குள் குருவி இருக்கிற மாதிரி இருந்தது. "மெதுவா, மெதுவா, ஒண்ணும் அவசரமில்ல" என்று சத்தமாகச் சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

திரும்பி இறங்க வந்தேன். உயரம் சரி, வேகம் சரி. ஓடுதளத்தின் நடுவில் இரண்டு மயில்கள். ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் நடக்கிறது. ஹார்ன் அடிக்கக் கை தேடியது. இதில் ஹார்ன் கிடையாது. எஞ்சினை முழுக்கத் தள்ளி மேலே ஏறிவிட்டேன். கை தானாகச் செய்தது. மயில்களுக்கு மேலே போகும்போது அந்த ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது முறை மயில் இல்லை. ஆனால் கொஞ்சம் உயரமாக வந்துவிட்டேன். இறக்கியிருக்கலாம். சமாளித்திருப்பேன். கொஞ்சம் அமுக்கி, கொஞ்சம் இழுத்து, தொம்மென்று போட்டிருப்பேன். வாழ்க்கையில் எல்லாவற்றையும் அப்படித்தான் இறக்கியிருக்கிறேன், ஒருமுறை இறங்க ஆரம்பித்துவிட்டால் இறங்கியே தீருவது என்று. கீழே ஷெரின் நிற்பது தெரிந்தது. மீசைக்காரரும் வெளியே வந்திருந்தார். எல்லாரும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். "வேண்டாம்" என்றேன் வாய்விட்டு. மறுபடி எஞ்சினைத் தள்ளினேன்.

மூன்றாவது சுற்றில் வலது பக்கம் ஏற்காட்டு மலை முழுக்கத் தெரிந்தது. அவசரமே இல்லை. பெட்ரோல் இருக்கிறது. கடைசியைப் பார்த்தேன். தரை வந்தது.

நிறுத்திய பிறகு பெல்ட்டைக் கழற்றவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஷெரின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், அழுதுவிட்டாள். மெக்கானிக் முருகவேல் பின்னால் வந்து ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார். முதல்முறை தனியாகப் பறந்தவர்களுக்கு அப்படி ஊற்றுவது வழக்கமாம். முந்தாநாள்தான் தலைக்கு டை அடித்திருந்தேன். புதுச் சுரிதாரெல்லாம் கறுப்பு.

"ரெண்டு தடவை சுத்தப் போனீங்களே, அதுதான் மேடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது" என்றாள் ஷெரின். "நான் பயந்தது நீங்க எப்படியாவது இறக்கிடுவீங்களோன்னுதான்."


ஆகஸ்ட் 13, புதன்

சுடர் அழைத்தாள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறார்களாம். அப்பா அனுப்பிய படத்தை, கறுப்புத் தண்ணீர் வழிய நான் நிற்கிற படத்தை, கப்பலில் எல்லாருக்கும் காட்டிவிட்டாளாம். கேப்டன் கேக் வெட்டச் சொன்னாராம்.

"தனியா இருக்கறப்ப பயமா இருந்துச்சாம்மா?"

"ஏறும்போது இல்ல. சுத்தும்போது இல்ல. இறங்கி நின்னதுக்கு அப்புறம்தான் வந்துச்சு."

அப்புறம் சொன்னாள். "என்னை முதல் தடவை மேல்தளத்துல தனியா நிக்கவிட்டப்ப ரொம்ப பயந்துட்டேன்மா. சுத்தி மீன்பிடிப் படகு. எல்லாம் என்மேலயே வர்ற மாதிரி இருந்துச்சு. இன்னிக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ள கொஞ்சம் இருக்கும்."

"சொல்லவே இல்லையே நீ."

"சொல்லியிருந்தா 'அப்படீன்னா கிளம்பி வா'ன்னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பேன்தான்.

"அடுத்த மாசம் ஒப்பந்தம் முடியுது" என்றாள். "இதே கம்பெனியில இன்னொரு கப்பல் தர்றேங்கறாங்க, நேரா அதுல ஏறிக்கலாம். இல்லன்னா ஊருக்கு வந்து அடுத்த பரீட்சைக்குப் படிக்கலாம். என்ன பண்ணட்டும்மா?"

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பல மாதமாகத் தயாராக இருந்த பதில். மாடி அறைக்கு என்ன வண்ணம் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்த பதில்.

"உனக்கு என்ன தோணுது சுடர்?" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கி. அப்புறம் மடைதிறந்த மாதிரி. அந்தக் கப்பலில் என்ன நல்லது, பரீட்சை எவ்வளவு கஷ்டம், யார் என்ன சொல்கிறார்கள், அவளுக்கு என்ன ஆசை, எதில் தயக்கம் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். நடுநடுவே "ம்" மட்டும் சொன்னேன். அடுப்பில் பருப்பு தீய்ந்துபோனது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து கேட்டேன்.

முடிவு எதுவும் சொல்லவில்லை அவள். இன்னும் யோசிக்க வேண்டுமாம்.

போனை வைத்ததும் இவர் கேட்டார், "என்ன சொன்னா?"

"நிறைய" என்றேன்.